சம்மதம் என்ற சொல்லை நெய்வோம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

  

நூற்றாண்டு நிதியைக் கொண்டு என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டிருக்கிறது. நுழைவாயில், மண்டபத்துக்குக் கதிரைகள், பெயர் பொறித்த கல் என்று யோசனைகள் பல. எல்லாம் நல்லவையே. அவற்றோடு நாங்கள் இன்னொன்றையும் வைக்கிறோம். உடல்நலத்தைப் பற்றியும் சம்மதத்தைப் பற்றியும் ஊருக்குச் சொல்லும் ஒரு பொதுக் கலைப்படைப்புக்கு அந்த நிதியில் ஒரு பங்கை ஒதுக்குவோம்.

வைத்தியர்களான எங்களிடம் பிள்ளைகள் 'வயிற்று வலி' என்று வருவார்கள். பக்கத்தில் உம்மாவோ அம்மாவோ இருப்பார். கேட்க வந்தது வேறாக இருக்கும். கேட்பதற்குச் சொல் இருக்காது. மாதவிடாயையே சாடைமாடையாகச் சொல்லிப் பழகிய ஊர்கள் நமது ஊர்கள். சொல் இல்லாத இடத்தில் முறைப்பாடும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

நாடு முழுவதிலும் நிலை இதுதான். 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வில், துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரியவந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் 90 வீதமான பெண்கள் தொல்லைக்கு உள்ளாகியிருப்பதாக ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கோ மட்டக்களப்புக்கோ பஸ்ஸில் போய்ப் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறை இதைச் சொல்லித்தராதா என்று கேட்பீர்கள். தரம் 7 பிள்ளைகளுக்காக 'ஹதே அபே பொத' என்ற நூல் தயாரிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை அறிவீர்கள். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. ஊசி பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்கிறது. விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மார்க்கம் இதற்கு இடம் தருமா என்பது அடுத்த கேள்வி. தந்தை தன் விருப்பமின்றி மணமுடித்து வைத்தார் என்று கன்ஸா பின்த் கிதாம் (றழி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. அப்படியிருந்தும் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. வலியும் மாப்பிள்ளையும் ஒப்பமிடுகிறார்கள். சம்மதம் என்ற சொல் நமக்கு அந்நியமானது அல்ல. நம்மிடம் இருந்ததைத்தான் நாம் சத்தமாகச் சொல்லாமல் விட்டோம்.

சரி, ஏன் கலை? பிரசுரத்தைப் பிள்ளை புத்தகத்துக்குள் ஒளித்து வைப்பாள். பொது இடத்தில் தொங்குவதை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆண்களும் பார்க்கிறார்கள். பார்த்ததைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போர்க் காலத்திலிருந்தே பாட்டையும் நாடகத்தையும் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ப் பெண்கள் மீதான வன்முறையைப் பேசிவந்திருக்கிறது. அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் தம் கதைகளைச் சிவப்புத் துணியில் தைத்தும் எழுதியும் கொடுத்தார்கள். 2019 இல் அந்தத் துணிகளை ஒன்றாக இணைத்து வொஷிங்டன் திடலில் விரித்தார்கள்.

துணி என்றதும் மருதமுனை நினைவுக்கு வரவில்லையா? தறி நமது, நெசவு நமது. உருவப்படம் வரைந்தால் ஆட்சேபனை வரும்; எழுத்தும் கோலமும் நெய்தால் வராது. நம் மூத்தம்மாமார் கவி கட்டிப் பாடியவர்கள். மனத்தில் இருந்ததை நாலு வரியில் சொல்லத் தெரிந்தவர்கள். இன்றைய மாணவிகளும் அப்படிப் புதிதாகக் கவி கட்டட்டும். அவற்றை நெய்து பாடசாலையிலும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் பஸ் நிலையத்திலும் தொங்கவிடுவோம். 'வேண்டாம் என்றால் வேண்டாம்தான்', 'மௌனமாக இருந்தால் பயந்திருக்கலாம். கேட்டுப் பார்' போன்ற நேரான பேச்சு போதும். அடியில் பெண்களுக்கான 1938, சிறுவருக்கான 1929 ஆகிய இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் சேர்ப்போம்.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேசுவோம். வெளியிலிருந்து வரும் திட்டப் பணம் திட்டம் முடிந்ததும் நின்றுவிடும். 'இது வெளியார் வேலை' என்ற பேச்சும் கூடவே வரும். இந்த மண்ணில் பிறந்த பெண்களின் பணமென்றால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அதனால் நான்கு விடயங்களைக் கேட்கிறோம். ஒன்று, நெசவாளருக்கு முழுக் கூலி, நன்கொடையாகக் கேட்கக்கூடாது. இரண்டு, தொகையில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பிலிட வேண்டும். 2019 இறுதியில் நாடெங்கும் மதில்களில் தீட்டிய ஓவியங்கள் எப்படி மங்கின என்று பார்த்தோம். நம் கடற்காற்று துணியையும் விடாது, புதுப்பிக்கப் பணம் வேண்டும். மூன்று, வாசகங்களை ஒரு குடும்பநல உத்தியோகத்தரும் ஓர் ஆசிரியையும் ஓர் ஆலிமாவும் சேர்ந்து பார்க்க வேண்டும். நான்கு, கொடுத்தவர் பெயர் எதிலும் வரக்கூடாது.

கடைசி நிபந்தனைதான் கடினம் என்று தெரியும். நுழைவாயிலில் பெயர் இருக்கும், நூறு வருடம் நிற்கும். இந்தத் துணியில் நம் பெயர் இருக்காது. ஆனால், அதன் முன்னால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைக்குத் தேவையான சொல் இருக்கும். கொழும்பிலும் தோஹாவிலும் லண்டனிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் பங்கை எதற்குத் தருவது என்று யோசிக்கும்போது அந்தப் பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.