கழுத்துக் கழலையும் சஸ்திர சிகிச்சையும்

(கும்மிடிப்பூண்டி வட்டாரக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



விதை, உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பேசவேண்டிய இக்கூட்டத்தில் கழுத்துக் கழலையைப்பற்றிப் பேசுவானேன் என்று தாங்கள் கருதக்கூடும். குடியானவனுக்கு முதற் சொத்து தேக சுகமே. மறைத்து வைத்து முற்றவிட்ட நோயோ, வாங்கிய பயிர்க்கடனையும் விழுங்கிவிடுகிறது.

குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல, மூச்சுக்குழலைத் தழுவி நிற்கும் சுரப்பிக்குத் தைராய்டு என்று பெயர். உடலின் சூட்டையும், இருதயத் துடிப்பையும், குழந்தைகளின் வளர்ச்சியையும் நடத்துவது அதன் சுரப்பே. அது முழுவதும் பருப்பதுமுண்டு. ஒன்றிரண்டு கட்டிகளாகத் தோன்றுவதுமுண்டு. எச்சில் விழுங்கும்போது கட்டி மேலும் கீழும் அசைவது இதன் அடையாளம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. ஆகையால்தான் கலியாணத்திற்கு இடையூறு வருமென்று அஞ்சி, முந்தானையால் மூடி மறைத்துவிடுகிறார்கள்.

இந்நோய்க்கு ஒரு காரணம் உணவில் அயோடின் குறைவு. கடலோரத்தாராகிய நமக்கு அக்குறை ஏதென்று எண்ணவேண்டாம். கடலுப்பிலும் இயற்கையாக அயோடின் மிகச் சொற்பமே உண்டு. அதனாலேயே அயோடின் சேராத உப்பைச் சமையலுக்கென்று விற்பதை 2006-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் நாடெங்கும் தடுத்தனர். ஆயினும், ஏற்கெனவே உண்டான கட்டி உப்பினால் கரைந்துபோகாது.

கட்டி என்றதும் கத்திதான் என்று கலங்கவும் வேண்டாம். நூறு கட்டிகளில் தொண்ணூறுக்குமேல் புற்று அல்லாதவை. இரத்தப் பரிசோதனை, ஒலியலைப் படம், தேவையானால் மெல்லிய ஊசியால் சிறிது எடுத்துப் பார்த்தல் ஆகியவற்றால் வைத்தியர் உண்மையைத் தெரிந்துகொள்வார். பல கட்டிகளை அவ்வப்போது கவனித்து வந்தாலே போதும். புற்றென்று சந்தேகம் ஏற்பட்டாலும், மூச்சையோ விழுங்குதலையோ நெருக்கினாலும், மருந்துக்கு அடங்காமல் மிகையாகச் சுரந்தாலும் சஸ்திர சிகிச்சை அவசியமாகலாம். சூடு போடுவதும், பச்சிலை வைத்துக் கட்டுவதும் காலத்தையும் பணத்தையும் வீணாக்கும்.

இச்சிகிச்சை ஒரு காலத்தில் உயிருக்கு ஆபத்தாகவே இருந்தது. சுவிட்சர்லாந்து தேசத்துத் தியோடர் கோச்சர் என்னும் வைத்தியர், இரத்தம் சிந்தாமல் நிதானமாக அறுக்கும் முறையால் மரணத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைத்தார். ஆயினும், சுரப்பி முழுவதையும் எடுத்தவர்கள் பின்னர் உடல் ஊதி, அறிவு மந்தித்ததை 1883-ல் அவரே கண்டு, மறைக்காமல் உலகுக்கு வெளியிட்டார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுரப்பு குறைந்தவர்களுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றால் குணம் உண்டாகுமென்று 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே காட்டினார். இன்று அவ்வேலையைச் சிறு மாத்திரை செய்கிறது. சுரப்பியை முழுதும் எடுத்தவர்கள் அதை ஆயுள் முழுவதும் தினந்தோறும் வெறும் வயிற்றில் உட்கொள்ளவேண்டும். கர்ப்ப காலத்திலும் நிறுத்தலாகாது.

சிகிச்சையில் அபாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். குரல் நரம்பு சுரப்பியை ஒட்டியே செல்கிறது. சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் நான்கு சிறு சுரப்பிகளும் அங்கேயே உள்ளன. ஆகவே, இதில் பழகிய கையையே நாடவேண்டும். சிகிச்சைக்குப்பின் விரல்களிலும் உதடுகளிலும் மரமரப்பு உண்டானால் உடனே வைத்தியரிடம் தெரிவியுங்கள். கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

உதவி தொலைவில் இல்லை. 2022-ல் திருவள்ளூரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் ரயிலேறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். அதற்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. நாளமில்லாச் சுரப்பிகளின் சஸ்திர சிகிச்சைக்கென்றே அங்குத் தனிப் பிரிவு உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

அங்கத்தினர்களே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு காரியம் செய்யுங்கள். தங்கள் மனைவியையும், மகளையும், தாயையும் கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிக் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி தென்பட்டால் வெட்கப்படாமல் அழைத்துச் செல்லுங்கள். கடன் தவணையை நாள் தவறாமல் செலுத்தும் தாங்கள் இதிலும் நாள் தவறவிடலாகாது.