சமையலறை மேல் பழி வேண்டாம்

(உறுப்பினர்கள் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் டாக்டர் இல்லை. ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 2016-ல் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவள் என் மனைவி. அவளுக்கு நான் ஒரு பிராயச்சித்தம் செய்யவேண்டியிருக்கிறது. அதற்காகவே இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

ஆபரேஷன் ஆன ஐந்தாவது மாதம் விடாத ஜுரம், வயிற்றுப்போக்கு. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன. சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. என்றார்கள். பார்க்க வந்த உறவினர்கள், "வீட்டில் சுத்தம் போதவில்லை, வருவோர் போவோரையெல்லாம் உள்ளே விட்டாள்" என்று அவளைச் சொன்னார்கள். என் தட்டையும் டம்ளரையும் தினமும் வெந்நீரில் அலம்பியவள் அவள். நான் வாயைத் திறக்கவில்லை.

உண்மை என்ன? நம் நாட்டில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே இந்த வைரஸ் உடம்பில் புகுந்து, தொந்தரவு செய்யாமல் தங்கிவிடுகிறது. தானமாக வரும் சிறுநீரகத்தோடும் வரலாம். புதிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்குகிறார்கள். அப்போது அது விழித்துக்கொள்கிறது.

யாருக்கு அபாயம் அதிகம்? கொடுப்பவருக்கு இந்த வைரஸ் இருந்து, பெறுபவருக்கு அது வந்ததே இல்லை என்றால் மிக அதிகம். ஏ.டி.ஜி. என்ற கடுமையான ஊசி போட்டவர்களுக்கும், நிராகரிப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், வயதானவர்களுக்கும் அதிகம். எனக்கு ஏ.டி.ஜி. போட்டிருந்தது. அதனால் வால்கான்சைக்ளோவிர் மாத்திரையை ஆறு மாதம் சாப்பிடச் சொன்னார்கள். விலை அதிகம். உடம்புதான் தேறிவிட்டதே என்று மூன்றாவது மாதமே நானாக நிறுத்தினேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

தவறு என்னுடையது. அவளுடையதல்ல. இதைச் சபையறியச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று பி.கே. வைரஸ். இதுவும் சிறு வயதில் வந்து சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் தங்குவது. பெரும்பாலும் ஜுரமோ வலியோ இராது. கிரியேட்டினின் மட்டும் மெல்ல ஏறும். இதற்கென்று நிரூபணமான மருந்து இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை டாக்டர் குறைப்பார். அதிகம் குறைத்தால் நிராகரிப்பு வரும். கத்திமேல் நடப்பது போலத்தான். ஆகவே ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க, முதல் வருஷம் டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது.

வெளியிலிருந்து வருபவையும் உண்டு: சின்னம்மை, ஃப்ளூ, கோவிட். அதனால் உங்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, போடவேண்டிய தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சின்னம்மை ஊசி போன்ற உயிருள்ள கிருமி கொண்டவற்றைப் பிறகு பொதுவாகப் போடமாட்டார்கள்.

இரண்டு, கிருமிக்குப் பயந்தோ செலவுக்குப் பயந்தோ எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பணக்கஷ்டம் இருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மூன்று, சிறுநீரகம் பெற்றவர் உங்கள் வீட்டுப் பூணூலுக்கோ கல்யாணத்துக்கோ வராவிட்டால் கோபிக்காதீர்கள். அவருக்கு ஜுரம் வந்தால் வீட்டுப் பெண்களைக் குறை சொல்லாதீர்கள்.

சி.எம்.வி.க்காக பதினாறு நாள் ஊசி ஏற்றினார்கள். பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் உங்களுக்கும் என் நமஸ்காரம்.