செப்சிஸ்: வீட்டில் உள்ளவர்களே முதலில் காணும் ஆபத்து

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றி ஏதாவது பேசும்படி கேட்டார்கள். நீரிழிவு பற்றியும் கொலஸ்திரோல் பற்றியும் நீங்கள் கேட்டுக் களைத்திருப்பீர்கள். ஆகவே வைத்தியசாலைகளில் நாளாந்தம் புழங்கினாலும் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன்: செப்சிஸ். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் இறப்புகள் இதனோடு தொடர்புபட்டவை எனக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது" என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை. பல நோயாளிகளின் குருதியைச் சோதனைக்கு அனுப்பினால் ஒரு கிருமியும் வளராது. ஆனாலும் அவர்களின் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். காரணம், கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட எமது உடலின் மறுமொழி கட்டுமீறிப் போவதுதான்.

காலில் முள் குத்தினால் அவ்விடம் சிவந்து, சூடாகி, வீங்கி, நோகும். இந்த நான்கு குணங்களையும் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே உரோமரான செல்சஸ் எழுதிவைத்தார். அங்கே சிறு குருதிக்குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர் இளகி, நீரும் வெண்குருதிக் கலங்களும் வெளியே வருகின்றன. கிருமி பரவாதபடி குருதி சிறிது உறைந்து வேலி போடுகிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் இதே காரியம் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால்? எல்லாக் குழாய்களும் விரிந்தால் குருதி அமுக்கம் விழும். நீர் கசிந்தால் நுரையீரல் நனைந்து மூச்சு வாங்கும். கண்ட இடமெல்லாம் குருதி உறைந்தால் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போகவேண்டிய ஒக்சிசன் போய்ச் சேராது.

இந்த மறுமொழியை அடக்க ஒரு மருந்து கண்டுபிடித்தால் போதும் என்று ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் முயன்றார்கள். 2001இல் பெரும் எதிர்பார்ப்போடு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸைகிரிஸ் என்ற மருந்து, பயனில்லை என்று கண்டு 2011இல் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. இன்றும் எம்மிடம் இருப்பவை பழைய ஆயுதங்களே: நேரத்தோடு கொடுக்கும் அன்ரிபயோட்டிக், சேலைன், தொற்றின் மூலத்தைக் கண்டு அகற்றுதல். குருதி அமுக்கம் விழுந்துவிட்ட நோயாளிக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக் ஏற வேண்டும். அந்த மணித்தியாலம் வீட்டில் கழிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

எங்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறோம். அம்மாமார் ஊரில் தனியே இருக்கிறார்கள். தொலைபேசியில் "காய்ச்சலோ?" என்று கேட்கிறோம். இல்லை என்றதும் ஆறுதலடைகிறோம். வயதானவர்களுக்குச் செப்சிஸ் வந்தாலும் காய்ச்சல் வராமலே இருக்கலாம்; உடல் குளிர்ந்தும் போகலாம். நேற்றுவரை தெளிவாகக் கதைத்தவர் இன்று மாறாட்டமாகக் கதைத்தால், "அம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். அறளை ஒரே இரவில் வருவதில்லை. சலத்தில் கிருமியா, சளியா, நீரிழிவுக் காலில் புண்ணா என்று உடனே பார்க்க வேண்டும்.

காலையிலிருந்து சலம் போனதா என்று கேளுங்கள். ஒரு நீண்ட வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்கிறாவா என்று கவனியுங்கள். வீடியோ அழைப்பானால் கையையும் காலையும் காட்டச் சொல்லுங்கள். குளிர்ந்து, நீலம் பாரித்திருந்தால் பொறுக்கக் கூடாது. "இவ வழமைபோல் இல்லை" என்று மகளோ அயலவரோ சொல்வதை நான் எந்தச் சோதனை அறிக்கைக்கும் குறைவாக மதிப்பதில்லை.

இளையவர்களும் விதிவிலக்கல்லர். பிள்ளை பெற்ற முதல் வாரங்களில் வரும் காய்ச்சலையும், வெள்ளத்துக்குப் பின்னர் வரும் காய்ச்சலையும் பனடோலோடு நிறுத்திவிடாதீர்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். போன தடவை மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கில் இரண்டை விழுங்கிவிட்டு இருப்பதும் ஆபத்து. அது நோயைக் குணமாக்காது, எங்கள் சோதனையைத்தான் குழப்பும்.

வைத்தியசாலைக்குப் போனதும் "இது செப்சிஸாக இருக்குமோ?" என்று தயங்காமல் கேளுங்கள். எந்த வைத்தியரும் கோபிக்க மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. இலங்கையில் இருப்பவர்கள் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த இலக்கத்தை அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள்.