முற்றுப்பெறாத பொறிகள்

குயவரிடம் பானை வாங்கச் செல்பவர் அதனைக் கையிலெடுத்து விரலாற் சுண்டிப் பார்ப்பார். நன்கு வெந்த பானை கணீரென ஒலிக்கும். வேகாத பானை மந்தமான ஓசையைத் தரும். அந்த ஓசை ஒன்றைக் கொண்டே கொள்வதா விடுவதா என்று அவர் முடிவு செய்துவிடுவார். இன்று இல்லங்களுக்குள் வந்து சேரும் நுட்பமான பொறிகளை அவ்வாறு சுண்டிப் பார்த்தல் இயலாது. அவை முற்றுப்பெற்றனவா அல்லவா என்பது, பணத்தைக் கொடுத்து வாங்கிப் பல வாரங்கள் கழிந்த பின்னரே தெரியவருகின்றது. இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் பொறியாகும்.

இப்பொறியின் பயன் யாது? ஒளிபரப்பாகும் வேளையிற் பார்க்க இயலாத நிகழ்ச்சியை, வேண்டிய வேளையிற் பார்க்க உதவுவதே. இத்தேவையை முதன்முதலாக உணர்ந்தவர்கள் வீட்டிலிருந்து பார்ப்பவர்களல்லர், ஒளிபரப்பாளர்களே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையிலுள்ள நியூயோர்க் நகரில் மாலை ஏழு மணியாகும்போது, மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில் நேரம் நான்கு மணிதான். நியூயோர்க்கிலிருந்து வரும் நிகழ்ச்சியை மூன்று மணி நேரம் தாமதித்து வழங்க வேண்டுமாயின், தொலைக்காட்சித் திரையையே திரைப்படக் கருவியாற் படம்பிடித்து, அப்படச்சுருளை அவசரமாகக் கழுவி உலர்த்தி, மீண்டும் ஒளிபரப்பவேண்டியிருந்தது. அவ்வாறு வந்த காட்சி மங்கலாகவும் தெளிவின்றியும் இருந்தது.

இவ்வில்லங்கத்தைத் தீர்க்கும் நோக்குடன், கலிபோர்னியாவிலிருந்த அம்பெக்ஸ் நிறுவனத்தில் சார்ல்ஸ் கின்ஸ்பேர்க் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் 1951 ஆம் ஆண்டின் இறுதியில் வேலை தொடங்கினர். வேலை இடையே நிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டது. 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் திகதி, சிக்காகோ நகரில் ஒளிபரப்பாளர் கூடிய மாநாட்டில் அவர்களது காந்த நாடாப் பதிவுப் பொறி காட்டப்பட்டது. இரண்டு அங்குல அகலமுள்ள நாடாவில், விரைந்து சுழலும் நான்கு காந்த முனைகளைக் கொண்டு காட்சி பதியப்பட்டது. அதன் விலை 50,000 டொலர் அளவிலிருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 30 ஆந் திகதி, சீ.பீ.எஸ். நிறுவனம் அப்பொறியை முதன்முதலாக ஒளிபரப்புக்குப் பயன்படுத்தியது. நியூயோர்க்கிலிருந்து டக்ளஸ் எட்வேர்ட்ஸ் வழங்கிய பதினைந்து நிமிடச் செய்தி ஹொலிவூட்டில் நாடாவிற் பதியப்பட்டு, மூன்று மணி நேரத்தின் பின் மேற்குக் கரைக்கு ஒளிபரப்பப்பட்டது. அன்று அங்கு நடந்த ஒரு செயல் கருதத்தக்கது. புதிய பொறி இயங்கிக்கொண்டிருந்த அதே வேளையில், பழைய முறைப்படி திரைப்படச் சுருளிலும் அந்நிகழ்ச்சி பதியப்பட்டது. புதியது தவறினால் பழையது கைகொடுக்கவேண்டும் என்பதே பொறியியலாளரின் கருத்து.

அப்பொறியும் அன்று முற்றுப்பெற்றதன்று. ஒரு பொறியிற் பதிந்த நாடாவை வேறொரு பொறியில் ஓட்டிப் பார்க்க முடியாதிருந்தது. பதிந்த அதே காந்த முனைகளே அதனை மீட்டுத் தரவும் வேண்டியிருந்தன. எனினும் எவரும் ஏமாற்றப்படவில்லை. வாங்கியவர்கள் பொறியியலாளர், குறை யாதென அறிந்தே வாங்கினர், அக்குறையினால் இழப்பு நேராதவாறு காவலும் அமைத்துக்கொண்டனர். குறையுள்ள பொருளை விற்றல் வேறு. குறையை மறைத்து விற்றல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே பின்னைய வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

வீடுகளுக்குரிய நாடாப் பொறிகள் பின்னர் வந்தன. சோனி நிறுவனத்தின் பீட்டாமக்ஸ் 1975 ஆம் ஆண்டிலும், ஜே.வி.சி. நிறுவனத்தின் வீ.எச்.எஸ். 1976 ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவது சட்டத்துக்கு ஏற்றதா என்ற வழக்கில், 1984 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம், பின்னர் பார்ப்பதற்காகப் பதிதல் குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்ற தீர்ப்பு அது. அந்நாடாப் பொறிகளில் ஒரு நற்பண்பு இருந்தது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின் அவற்றை எவரும் திருத்த இயலாது. பிழையுடன் அனுப்பினால் ஒவ்வொரு பொறியையும் திருப்பி அழைத்துப் பழுதுபார்க்க நேரிடும். அச்செலவுக்கு அஞ்சியேனும் உற்பத்தியாளர் அனுப்புமுன் பலமுறை சோதித்தனர்.

1999 ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. டீவோ, ரீப்ளே டிவி என்னும் இரு பொறிகள் அவ்வாண்டு அமெரிக்காவில் வெளிவந்தன. இவற்றில் நாடா இல்லை. காட்சியை எண்களாக மாற்றிச் சுருக்கி, கணினியிலுள்ளது போன்ற வன்தட்டில் எழுதும் முறை கையாளப்பட்டது. டீவோவின் முதற் பொறிகளுள் சிறியது 14 மணி நேர நிகழ்ச்சிகளைத் தாங்கவல்லது. ஓடிக்கொண்டிருக்கும் ஒளிபரப்பை நிறுத்தி வைக்கவும், சற்றுப் பின்சென்று பார்க்கவும் அதனால் முடிந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக அது நிறுவனத்தின் கணினியுடன் தொடர்பு கொண்டு, வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியலைப் பெற்றுக்கொண்டது.

அதே கம்பி வழியாக மற்றொன்றும் வந்தது. பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருளையும் தொலைவிலிருந்தே மாற்றியமைக்க முடிந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. வீட்டுக்கு எவரும் வராமலே, இரவோடிரவாகப் பிழை திருத்தப்படுகின்றது. புதிய வசதியும் சேர்க்கப்படுகின்றது. ஆயின், நன்மை வந்த வழியாகவே ஒரு சபலமும் வந்தது. பின்னர் திருத்தலாம் என்ற நிலை இருக்குமாயின், இப்போதே ஏன் முடிக்கவேண்டும் என்ற எண்ணம் உற்பத்தியாளர் மனத்தில் எழுகின்றது.

2006 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று இதனை நன்கு விளக்கும். அமெரிக்காவில் செய்மதி வழியாகத் தொலைக்காட்சி வழங்கும் டிரெக்டிவி நிறுவனம், அதுவரை டீவோ மென்பொருளைக் கொண்ட பதிவுப் பொறிகளையும் தன் சந்தாதாரருக்கு வழங்கி வந்தது. உயர்தெளிவுக் காட்சிகளை மேலும் சுருக்கி அனுப்பும் புதிய முறைக்கு அந்நிறுவனம் மாறியது. பழைய உயர்தெளிவுப் பொறியால் அப்புதிய முறையைப் படித்தறிய முடியவில்லை. எனவே தன் சொந்த மென்பொருளைக் கொண்ட எச்.ஆர். 20 என்னும் புதிய பொறியை அது வெளியிட்டது. பழைய பொறியில் நெடுநாட் பழகி, அதில் நம்பிக்கை வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கே இப்புதிய பொறி சென்றது.

அப்பொறியில் உள்ளூர் ஒளிபரப்பைச் சாதாரண அன்ரெனாவினாற் பெறுவதற்குரிய உறுப்பும் அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் விற்பனை தொடங்கிய காலத்தில் அது வேலை செய்யவில்லை. அதற்கான மென்பொருள் சில மாதங்கள் கழித்தே வந்தது. கதவு வைத்த அறைக்குத் திறப்பைப் பின்னர் அனுப்பியது போன்றது இது. இதனைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் பொறுக்கவியலாத வேறொரு குறை இருந்தது. பதியுமாறு கட்டளையிட்ட நிகழ்ச்சியின் பெயர் பட்டியலிற் காணப்படும். ஆயின் அதனை ஓட்டினால் காட்சி எதுவும் தோன்றாது. இதனை வைத்திருப்பதா, அழிப்பதா என்ற வினா மட்டுமே உடனே திரையில் எழும். எதை வைத்திருப்பது, எதை அழிப்பது? இத்தகைய முறையீடுகள் பயன்படுத்தியோரிடமிருந்து தொடர்ந்து எழுந்தன.

இவ்விடத்தில் நேயர்கள் வினவலாம்: தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று தவறுதல் அத்துணைப் பெரிய இழப்பா என்று. நிகழ்ச்சி சிறிதாயிருக்கலாம்; இழந்தது நிகழ்ச்சி மட்டுமன்று. விளக்கு எரியாவிட்டால் அக்கணமே தெரியும். அடுப்பு மூளாவிட்டால் வேறு அடுப்பை நாடலாம். பதிவுப் பொறியோ, உரியவர் வீட்டில் இல்லாத வேளையில், அவர் காணாத நிலையில் வேலை செய்யவேண்டியது. அதன் தவறு நேரும் வேளைக்கும் வெளிப்படும் வேளைக்கும் இடையே ஓர் இரவோ ஒரு வாரமோ கழிந்துவிடுகின்றது. வெளிப்படும்போது பரிகாரம் இல்லை. நம்பி ஒப்படைத்த காரியத்தை முடித்ததாகக் கூறி முடிக்காதிருக்கும் ஏவலாளனைப் போன்றது அது. வேலை செய்யாத பொறியை ஒதுக்கி வைக்கலாம். சில வேளை செய்து சில வேளை செய்யாத பொறியோ மனிதரைக் காவலிருத்திவிடுகின்றது. மனிதரைக் காவலிலிருந்து விடுவிப்பதற்கே அது வாங்கப்பட்டது என்பதுதான் இதிலுள்ள முரண்பாடு.

இவ்வாறான அவசரம் ஏன் நேர்கின்றது? பேராசை ஒன்றையே காரணமாகக் கூறுதல் நியாயமன்று. செய்மதிகள் ஏற்கனவே வானிற் செலுத்தப்பட்டுவிட்டன, புதிய முறையில் ஒளிபரப்பு தொடங்கிவிட்டது, போட்டியாளர்கள் காத்திருக்கவில்லை. நாட்குறிப்பு முன்னின்று இழுக்க, மென்பொருள் பின்தங்கியது. அவ்வாறு பின்தங்கிய வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் விரைவு வரும் என்று எண்ணுவதும் பயன் தராது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஆம் ஆண்டில் அறிவித்த சிஸ்டம் 360 கணினிகளுக்குரிய இயக்க மென்பொருளை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெட்ரிக் புரூக்ஸ், தம் அனுபவத்தைக் கொண்டு 1975 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். பிந்திய மென்பொருள் வேலையில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்பது அவர் கண்ட உண்மை. புதியவருக்குக் கற்பிக்கப் பழையவரின் நேரம் செலவாகின்றது. ஒருவரோடொருவர் பேசித் தீர்க்கவேண்டிய தொடர்புகளும் பெருகுகின்றன. ஐவர் சேர்ந்தால் பத்து இணைகள். பதின்மர் சேர்ந்தால் நாற்பத்தைந்து இணைகள். ஆள் இருமடங்கானால் பேச்சு நான்கு மடங்கைத் தாண்டிவிடுகின்றது.

ஆகவே வழிகள் மூன்றுதான். வெளியிடும் நாளைத் தள்ளிவைக்கலாம், வசதிகளைக் குறைக்கலாம், அல்லது முடியாததை முடிந்ததாக விற்கலாம். முதலிரண்டும் நிறுவனத்துக்கு நட்டம். மூன்றாவதில் நட்டம் வாங்குபவருக்கு. இங்கேதான் நீதி பற்றிய வினா எழுகின்றது. சோதனைச் சாலையிற் செய்து முடிக்கவேண்டிய வேலை வாங்குபவரின் கூடத்துக்கு மாற்றப்படுகின்றது. அவர் அறியாமலே அவர் சோதனையாளராகின்றார். சோதிப்பவர் கூலி பெறுவது உலக வழக்கு. இவரோ தம் கைப்பணத்தைக் கொடுத்துச் சோதிக்கின்றார்.

எல்லாக் குறைகளும் நீங்கிய பின்பே விற்கவேண்டும் என்று வற்புறுத்துவதும் பொருந்தாது. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெவ்வேறு கம்பிகளுடனும் வெவ்வேறு தொலைக்காட்சிப் பெட்டிகளுடனும் இணைந்து இயங்கும்போதுதான் சில பிழைகள் வெளிப்படும். எத்தகைய சோதனைச் சாலையும் அத்தனை வீடுகளைப் போலச் செய்து காட்ட இயலாது. டிரெக்டிவியும் இதனை உணர்ந்து பின்னர் ஒரு நல்வழியைக் கண்டது. தாமாக முன்வந்த பயனர்களுக்கு, சோதனை நிலையிலுள்ளது என்று கூறியே புதிய மென்பொருள் முன்கூட்டி வழங்கப்பட்டது. குறைகளை அவர்கள் அறிவித்தனர். திருத்திய பின் ஏனையோருக்கு அது அனுப்பப்பட்டது. காலப்போக்கில் அப்பொறியும் சீர்பெற்றது. அங்கும் சோதனை வீட்டில்தான் நடந்தது. ஆயின் சோதனை என்று தெரிந்து நடந்தது. வேறுபாடு அவ்வளவே, அவ்வேறுபாடு பெரிது.

ஆகவே உற்பத்தியாளரிடம் உலகம் கேட்பது குறையின்மையையன்று, உண்மையை. இது இன்று இயங்கும், இது இன்னும் இயங்காது என்று பெட்டியின் மேல் எழுதுதல் அரிய செயலன்று. புதியது உறுதிப்படும்வரை பழையதை வைத்துக்கொள்ள இடமளித்தலும், பொருந்தாவிடின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தலும் இயலாதனவல்ல. வாங்குவோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்ற பழமொழி உற்பத்தியாளருக்கு மட்டும் உரியதன்று. புதியது வந்த முதல் நாளிலேயே அதனைப் பெறவேண்டும் என்னும் ஆவல் வாங்குவோரிடம் இருக்கும்வரை, வேகாததை விற்கும் துணிவு விற்போரிடமும் இருக்கும்.

1956 ஆம் ஆண்டில் ஹொலிவூட்டிற் பணிபுரிந்த பொறியியலாளர்கள் தங்கள் புதிய பொறியை வெறுத்ததனால் பழையதை அருகில் ஓடவிடவில்லை. மேற்குக் கரை முழுவதும் காத்திருந்த செய்தி தவறிவிடக்கூடாது என்ற பொறுப்பே அவர்களை அவ்வாறு செய்வித்தது. பொறியின் பெருமையைவிடப் பார்ப்பவரின் நலத்தை அவர்கள் மேலாகக் கருதினர். பொறிகள் எத்துணை மாறினும், மாறாது நிற்கவேண்டிய அளவுகோல் அதுவேயாகும்.