மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டரிடம் சொல்லுங்க
(எம்.கே.பி. நகர் குழுக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் நம் அக்கா ஒருவர் தவணை கட்ட வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணிக்கும் தூக்கம். படபடப்புக்கு டாக்டர் குவெட்டியாபின் எழுதியிருந்தார். "இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையாமே, நாளையிலேர்ந்து நிறுத்தப் போறேன் மேடம்"னு அழுதாங்க.

யாரையும் அப்படிச் சொல்வதே தப்புங்க. பெரிய மனநோய்க்கான மருந்துதான். ஆனால் வேறு மாத்திரையில் அடங்காத பதற்றத்துக்கும் சில டாக்டர்கள் குறைந்த அளவில் தருவாங்க. முதல் வாரங்களில் தூக்கக் கலக்கம் இருக்கும்; பலருக்குப் போகப் போகக் குறையும். திடீர்னு நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டல் வரும், படபடப்பும் திரும்பும்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீங்க. ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கலக்கம் தீரும்வரை வண்டி ஓட்டாதீங்க. கடையில் சளி மாத்திரை வாங்கிச் சேர்த்துப் போடாதீங்க, கலக்கம் கூடும். எடை, சர்க்கரை இரண்டையும் அவ்வப்போது பாருங்க.

மறுநாள் அக்காவோடு ஓ.பி.க்குப் போனேன். டாக்டர் அளவைக் குறைத்து, இரவு எட்டு மணிக்கே போடச் சொன்னார். இந்த மாதம் அவங்களே நடந்து வந்து தவணை கட்டினாங்க.

ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் இலவசமாகப் பார்க்கிறாங்க. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

குழுவில் கடனை மறைக்க மாட்டோம். மாத்திரையை மட்டும் ஏன் மறைக்கணும்?