பனிநிலத்துப் பயணமும் கையுறையும்

வெப்பநாட்டில் வாழ்வோருக்குக் குளிர் என்பது இனிமையான சொல். உள்ளம் குளிர்ந்தது என்றும், கண்குளிரக் கண்டோம் என்றும் மகிழ்ச்சியைக் குளிரோடு சேர்த்துச் சொல்வது தமிழர் வழக்கு. இலங்கையிலே கடுங்குளிர் என்றால், புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும் நுவரெலியாவின் தை மாதக் காலையே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அலாஸ்காவிலும் வடகனடாவிலும் குளிர் என்பது மனிதன் நாள்தோறும் எதிர்த்து நிற்கவேண்டிய பகையாகும். அப்பகை முதலிற் கைவைப்பது பெரும்பாலும் அவனுடைய கைகளிலேதான்.

அந்நாடுகளிலே நான்கு தடித்த றப்பர்ச் சக்கரங்களையுடைய சிறு வண்டியொன்று பெருவழக்காக இருக்கின்றது. மோட்டார் சைக்கிளிற்போல ஏறி அமர்ந்து, இரு கைபிடிகளாலும் அதனைத் திருப்பிச் செலுத்துவர். 1970ஆம் ஆண்டளவில் யப்பானிய ஹொண்டா நிறுவனம் மூன்று சக்கரங்களோடு இவ்வகை வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு சக்கர வண்டிகள் 1980களிலே பரவின. அலாஸ்காவின் ஊர்கள் பலவற்றை இணைப்பதற்கு வீதிகள் இல்லை. வேட்டைக்கும், மீன்பிடிக்கும், விறகு ஏற்றுவதற்கும் அவ்வூர் மக்கள் இவ்வண்டியையே நம்பியிருக்கின்றனர். எந்த நிறுவனத்தின் வண்டியாயினும் அதனை ஹொண்டா என்றே அழைப்பவரும் அங்கு உளர். கனடாவிலே இதன் முன்புறத்தில் இரும்புத் தகடொன்றைப் பொருத்தி, முற்றத்துப் பனியைத் தள்ளுவோரும் உண்டு.

இந்த வண்டிக்குச் சுவரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஓட்டுபவனுடைய கைகள் காற்றுக்கு நேரெதிரே நீட்டப்பட்டிருக்கும். வேகத்தைக் கூட்டும் சிறு விசையை வலக்கைப் பெருவிரல் ஓயாது அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஏனைய விரல்களோ பிறேக்கைப் பிடிக்க எந்நேரமும் ஆயத்தமாயிருக்க வேண்டும். நடந்து செல்பவன் கையைச் சட்டைப்பையில் நுழைத்துக்கொள்ளலாம். இவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

காற்றின் கொடுமையை அளந்தறிய முயன்றோர் போல் சைப்பிள், சாள்ஸ் பாசெல் என்னும் இரு அமெரிக்கர். 1941இல் அந்தாட்டிக்காவில் இருந்தபொழுது, சிறு கலமொன்றில் நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு காற்றுவேகங்களில் அது உறைவதற்கு எவ்வளவு நேரம் செல்கின்றது என்று அவர்கள் கணித்தனர். அவர்கள் தொடக்கிய முறை 2001இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் திருத்தியமைக்கப்பட்டது. அத்திருத்தத்தின்படி, பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியசுக் குளிரிலே மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகையைப் போன்றது. 20 பாகைக் குளிராயின், அது 34 பாகையாகத் தாக்கும். காற்றே வீசாத நாளிலும், ஓடுகின்ற வண்டி தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதை மறத்தலாகாது.

இனி, உடம்பு செய்யும் வேலையையும் நோக்குதல் வேண்டும். குளிர் மிகும்பொழுது இருதயம் முதலிய உள்ளுறுப்புக்களின் வெப்பத்தைக் காக்கும்பொருட்டு, கைகால்களுக்குச் செல்லும் குருதிக்குழாய்களை உடம்பு சுருக்கிவிடுகின்றது. குடும்பத்தைக் காக்க நகையை அடகு வைப்பது போன்றது இது. கையின் தோல் ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே குளிர்ந்தாற் கைத்திறன் குறைகின்றது. மேலும் குளிர்ந்தால் தொடுவுணர்ச்சியும் மங்குகின்றது. விசையை அழுத்தியிருக்கின்றோமா, விட்டுவிட்டோமா என்பதே விரலுக்குத் தெரியாமற் போகும். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1908இல் வெளியிட்ட 'தீ மூட்டுதல்' பற்றிய சிறுகதையிலே, யூக்கொன் பனியில் தனியே செல்லும் ஒருவன், தீக்குச்சி கையிலிருந்தும் அதனைப் பிடிக்க விரல் உதவாமையால் உயிரிழக்கின்றான். விரல் இழந்த கை வேறு. உணர்ச்சி இழந்த கை வேறு. ஆயினும் ஆபத்து வேளையில் இரண்டும் ஒன்றே.

ஆகவே, கையுறை வாங்குவோர் நான்கு பண்புகளை நாடவேண்டும். முதலாவது, அசையாத வளியை அடக்கிவைக்கும் தன்மை. வெப்பத்தைத் தருவது கையுறை அன்று. கையின் வெப்பத்தைக் கையிடத்தே நிறுத்துவதே அதன் தொழில். கம்பளியும், வாத்தின் மென்தூவியும், செயற்கை நுண்ணிழையும் தம் இடைவெளிகளில் வளியைச் சிறைப்படுத்துகின்றன. இரண்டாவது, ஈரத்தை விலக்கும் தன்மை. நனைந்த பருத்தி வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்யும். நனைந்த தூவியும் ஒட்டிக் குறுகிப் பயனற்றதாகும். கம்பளியோ ஈரமானாலும் ஓரளவு வெம்மையைக் காக்கும். மூன்றாவது, காற்றுப் புகாத மேலுறை. இது மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக்கை வரை நீண்டிருத்தல் நன்று. நான்காவது, பலரும் மறப்பது, விரல் அசைவதற்கு இடம். இறுக்கமான கையுறை குருதியோட்டத்தைத் தடுக்கும். உள்ளே அடக்கிய வளியையும் நசுக்கிவிடும். எவ்வளவு தடிப்பான உறையாயினும் இறுக்கமாயின் அது குளிருக்கே துணைபோகும்.

எல்லாவற்றிலும் வெம்மையானது, நான்கு விரல்களையும் ஒரே பையிலிட்டுப் பெருவிரலை மட்டும் தனியே விடும் உறையாகும். விரலோடு விரல் சேர்ந்திருக்க, ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்கு உதவுகின்றது. வடதுருவ மக்களாகிய இனுயிற்றுக்கள் கலைமான் தோலாலும் கடல்நாய்த் தோலாலும் இவ்வகை உறைகளையே தைத்தனர். ஆனால் பிறேக்கைப் பிடிக்க வேண்டியவனுக்கு இது முழுதும் பொருந்துவதில்லை. ஐவிரல் உறையோ பிடிப்புக்கு நல்லது, வெம்மைக்குக் குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்டது, ஆட்காட்டிவிரலையும் தனியே பிரித்துவிட்ட உறை. எதனை வாங்கினும், கடையிலே கையை நீட்டிப் பார்த்தல் போதாது. கைபிடியைப் பற்றுவதுபோல விரல்களை மடக்கி, பெருவிரலை அழுத்தி, பிறேக்கைப் பிடிக்கும் பாவனை செய்து பார்த்தல் வேண்டும். மடக்கும்பொழுது விரல்நுனியில் உறை இறுகுமாயின் அது வேண்டாம்.

கையுறை தனித்துச் செய்ய இயலாததை வண்டியில் பொருத்தும் சாதனங்கள் செய்யும். கைபிடியின்மேல் மாட்டும் பெரிய உறைக்குள் கையை நுழைத்துக்கொண்டால், மெல்லிய ஐவிரல் கையுறையே பெரிதும் போதியதாகும். விரலும் விசையை நன்கு உணரும். மின்சாரத்தாற் சூடேறும் கைபிடியும் உண்டு. அது உள்ளங்கையைச் சூடாக்கும். காற்று மோதும் புறங்கையை அதனாற் காக்க முடியாது.

எத்தகைய உறையாயினும் மாற்றுச்சோடி ஒன்றை நனையாத பையில் எடுத்துச் செல்லுதல் அறிவுடைமை. தலையும் மார்பும் வெம்மையாயிருந்தாலன்றிக் கை வெம்மையாயிராது. உடம்பு குளிர்ந்தால் முதலிற் கைவிடுவது கையையே. விரல் நோவது எச்சரிக்கை. நோவு மாறி மரத்துப்போய்த் தோல் வெளிறினால், அது சுகமன்று, பனிக்கடியின் தொடக்கம். அவ்வேளையிற் பனியால் விரலைத் தேய்த்தலும், சூடான எஞ்சினில் வைத்தலும் கேடு. மரத்த தோலுக்குச் சூடு தெரியாமையால் அது வெந்துபோகும். கையைக் கக்கத்திற் செருகிக்கொண்டு உறைவிடம் சேர்தல் வேண்டும். மீண்டும் உறையாது என்னும் உறுதி இருந்தால், 37 முதல் 39 பாகை வரையுள்ள இளஞ்சூட்டு நீரில் விரல்களை அமிழ்த்தி, தாமதமின்றி வைத்தியரை நாடுவதே முறை.

ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் இன்று கனடாவின் பனியிலே வாழ்கின்றனர். அங்குள்ள பிள்ளைகளை நினைத்து இங்குள்ள பெற்றோர் கவலைகொள்வது இயல்பு. "குளிருக்கு நல்ல கையுறை வாங்கினாயா?" என்று கேட்கும்பொழுது, "விரல் அசைய இடமிருக்கிறதா?" என்பதையும் சேர்த்துக் கேட்டல் நன்று. காவல் என்பது இறுக்கிப் பிடிப்பதன்று. உயிரோட்டத்துக்கு இடம்விட்டுக் காப்பதே காவல்.