மோட்டாரின் மூச்சு



யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் பரந்தனைக் கடந்து வடக்கே சில கல் தொலைவு சென்றால் ஆனையிறவு வரும். இரு மருங்கிலும் கடல்நீரேரி. நடுவே கோடு கிழித்தாற்போன்ற நேரான பாதை. அருகே புகைவண்டித் தண்டவாளம். முற்காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை இவ்வழியாகவே குடாநாட்டிற்கு நடத்திச் சென்றனர். யானை நடந்த வழியில் இன்று குதிரை வலு ஓடுகின்றது.

வளைவில்லாத பாதையைக் கண்டதும் இளைஞரின் பாதம் தானே அழுந்துகிறது. வண்டி இன்னும் சற்று விரையாதா என்ற ஆசையும் எழுகிறது. அத்தகைய ஆசை கொண்ட இளைஞர் ஒருவரைச் சில காலத்துக்கு முன் அப்பகுதியிலுள்ள கராச் ஒன்றில் கண்டேன். தம் காரின் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அகன்ற குழாயும் திறந்த வடிகட்டியும் பூட்டவேண்டும். இயந்திரத்தின் கணினியிலுள்ள அளவுகளையும் மாற்றவேண்டும் என்று அவர் வேண்டினார். முதிய மெக்கானிக் முறுவலித்து, “தம்பி, காத்து வாற வழியை அகலமாக்கினால் மட்டும் காணுமே? உள்ளுக்குப் போன காத்துக்குக் கணக்கு வேணுமெல்லே” என்றார். அந்தக் கணக்கைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

மோட்டார் வண்டி எதனால் ஓடுகிறது என்று வினவினால், பெற்றோலால் என்போம். அது பாதி விடையே. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும். கனவளவில் நோக்கினால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் வளி. எரிபொருளை மிகுதியாகப் புகட்டுதல் எளிது. அதற்கு ஈடான ஒட்சிசனைச் சிலிண்டருக்குள் கொண்டுவந்து சேர்த்தலே அரிது. வலுவைப் பெருக்க விழைவோர் யாவரும் முதலில் இயந்திரத்தின் மூச்சுக்குழாயை நாடுவது இதனாலேதான்.

இங்கே இன்னொன்றையும் கருதவேண்டும். வளி சூடேறினால் விரியும்; விரிந்தால் ஐதாகும். 30 பாகை செல்சியசில் உள்ள வெளிக்காற்றை உறிஞ்சும் இயந்திரம், மூடிக்குள் தேங்கி 60 பாகை வரை சூடேறிய காற்றை உறிஞ்ச நேர்ந்தால், ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வளியை இழந்துவிடும். திறந்த வடிகட்டியை எஞ்சினின் அருகிலேயே பூட்டியவர் பலர், ஓசை பெருகியதைக் கேட்டு வலுவும் பெருகிற்று என எண்ணுகின்றனர். உண்மையில் அவர்களுட் சிலர் முன்பிருந்த வலுவிலும் ஒரு பகுதியை இழந்திருப்பர்.

வளி புகுந்தபின் அதற்கேற்ற எரிபொருள் சேரவேண்டும். எரிபொருள் குறைந்தால் தகன அறையில் வெப்பம் மிஞ்சி வால்வும் பிஸ்டனும் தீயும். எரிபொருள் மிகுந்தால் கரும்புகை எழும்; பிளக்கில் கரி படியும். மூன்றாவதாக, தீப்பொறி உரிய கணத்தில் எழவேண்டும். அது முந்தினாலும் தீது, பிந்தினாலும் தீது. வளி, எரிபொருள், தீப்பொறி என்னும் இம்மூன்றையும் ஒன்றோடொன்று இசைவிப்பதையே மெக்கானிக்குகள் ‘ரியூன்’ செய்தல் என்கின்றனர். வீணையின் ஒரு தந்தியை மாத்திரம் முறுக்கிவிட்டுப் பண் இனிமையாயிற்று என்று கூற முடியுமா?

இக்கலையை முறையாகப் பயின்றோர் அடைந்த பயனுக்கு ஓர் உதாரணம் காட்டலாம். 1951 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒஸ்ரின் கம்பனியார் சிறிய இயந்திரம் ஒன்றை வெளியிட்டனர். ‘ஏ வரிசை’ என்பது அதன் பெயர். நம் நாட்டுத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக ஓடிய மொறிஸ் மைனர் கார்களின் இயந்திரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1956 இல் வந்த 948 கன சென்ரிமீற்றர் மொறிஸ் மைனருக்கு ஒரு காபரேற்றர். வலு 37 குதிரை. 1961 இல் வந்த மினி கூப்பரில் அதே குடும்பத்து இயந்திரம், 997 கன சென்ரிமீற்றர் அளவினதாய், இரட்டைக் காபரேற்றர் பூண்டு, 55 குதிரை வலுத் தந்தது. அவ்வழித் தோன்றல்களாகிய மினி கூப்பர் எஸ் கார்கள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ மோட்டார்ப் போட்டியில் முதலிடம் பெற்றன. ஆயினும் அவ்வெற்றி காற்றுக்குழாய் ஒன்றை மாற்றியதனால் விளைந்ததன்று. வால்வு, காம் தண்டு, நெருக்கல் விகிதம், புகை போகும் வழி ஆகிய அனைத்தையும் ஒருங்கே திருத்தி, அந்த வலுவைத் தாங்கும் வலிய தடையையும் பூட்டிய பின்னரே அவ்வண்டிகள் களத்தில் இறங்கின.

நேயர்களே, அதே இயந்திரக் குடும்பம் நம் வடபுலத்தில் வேறொரு சோதனைக்கும் உட்பட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், ஆனையிறவு வழியான போக்குவரத்து அற்றது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மின்கலமும் கிடையாமையால், வானொலி கேட்பதற்கே மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றிய காலம் அது. குடாநாட்டிற் சில ஆண்டுகளும், வன்னியில் 2002 ஆம் ஆண்டில் பாதை திறக்கும் வரையும் இந்நெருக்கடி நீடித்தது. அக்காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும், சிறு மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காற்றுப் புகும் வாயிலிற் பீச்சி இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டனர். சிறு போத்தலில் அடங்கிய அந்தப் பெற்றோல் மருந்தினும் அரிதாகப் போற்றப்பட்டது. இன்னொரு தொல்லையும் உண்டு. மண்ணெண்ணெய் மிகுந்த நெருக்கலைத் தாங்காது; பொறியில் எழுந்த சுவாலை வந்து எட்டுமுன் தானே தீப்பற்றித் தட்டும். நெருக்கலைக் குறைத்தலும் தீப்பொறியைப் பிந்தச் செய்தலும் அதற்கு மருந்து. இவ்விதி புதியதன்று. 1940களின் இறுதியிலேயே பேர்கசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடுமாறு, நெருக்கல் குறைத்துச் செய்யப்பட்டிருந்தது. அங்கே தொழிற்சாலையார் அளந்து செய்ததை, இங்கே நம் மெக்கானிக்குகள் காதாலும் கையாலும் கண்டு செய்தனர்.

இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. வலு குன்றியது, கண் எரிக்கும் வெண்புகை தெருவை மூடியது, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. எனினும் வண்டிகள் ஓடின. நான் குறிப்பிட்ட முதியவரும் அந்நாளில் வாடகைக் கார் ஓட்டியவர். “அப்ப ஒருத்தரும் வேகம் கேக்கேல்லை. பிள்ளைப்பேற்றுக்குத் துடிக்கிற மனுசி பின்சீற்றில இருக்கேக்க, ஆசுப்பத்திரி மட்டும் எஞ்சின் நிக்காமல் போகவேணும் எண்டதுதான் வேண்டுதல்” என்று அவர் சொன்னபோது, அந்த இளைஞர் பேச்சற்று நின்றார்.

மொண்டே கார்லோவில் வேகத்தை நாடியவரும், இங்கே உயிரை நாடியவரும் கற்ற பாடம் ஒன்றே. இயந்திரத்தின் ஓர் உறுப்பைத் தொட்டால் ஏனைய உறுப்புகளும் அதற்குக் கணக்குக் கேட்கும்.

இன்றைய கார்களில் காபரேற்றர் இல்லை. உட்புகும் வளியை ஓர் உணரி அளக்கிறது. வெளியேறும் புகையிலுள்ள ஒட்சிசனை இன்னோர் உணரி அளக்கிறது. கணினி எரிபொருளைப் பங்கிடுகிறது. சாதாரணக் காரொன்றில் காற்றுக்குழாயை மாத்திரம் மாற்றுவதனாற் கிட்டும் ஊதியம் பெரும்பாலும் சில விழுக்காடே. அதுவும் மிதியை முற்றாக அழுத்தும்போது மாத்திரமே கிட்டுவது. இழப்போ பெரிது. வன்னியின் செம்மண் தூசியில் உள்ள மணற்றுகள் இரும்பையும் தேய்க்கவல்லது. நல்ல வடிகட்டியின்றி அது உட்புகுந்தால் சிலிண்டர்ச் சுவரை அராவிவிடும். ஆனையிறவின் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். குளிர்ந்த காற்றை நாடிக் குழாயின் வாயைப் பம்பருக்குக் கீழே தாழ்த்துவோரும் உளர். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தெருக்களை மூடிய வெள்ளத்தை அவர்கள் நினைவுகூர வேண்டும். வளி நெருங்கும், நீர் நெருங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து இயந்திரம் அழியும். அளவு தப்பி மாற்றிய வண்டி, ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் நடக்கும் புகைப் பரிசோதனையிலும் தவறிவிடக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூடிய வலுவுக்கேற்ற தடையும் தயரும் வேண்டும். ஆனையிறவுப் பாதை நேரானதுதான். ஆனால் வன்னித் தெருக்களில் இரவில் மாடுகள் குறுக்கிடும். விளக்கில்லா மிதிவண்டியில் வீடு திரும்பும் தொழிலாளியும் எதிர்ப்படுவார். அவர்களுக்கு நம் குதிரை வலுவின் கணக்குத் தெரியாது.

அந்த இளைஞரின் கதையைக் கூறி முடிக்கின்றேன். முதியவர் வடிகட்டிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த கடதாசி வடிகட்டி செம்புழுதி படிந்து செங்கல்லைப்போல இறுகியிருந்தது. அதனை அகற்றிப் புதியதொன்றை வைத்தார். தேய்ந்த பிளக்குகளை மாற்றினார். தயர்களின் அமுக்கத்தைச் சரிசெய்தார். இளைஞர் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டித் திரும்பி வந்து, “ஐயா, இது வேறை வண்டி மாதிரி இருக்கு” என்றார். “வேறை வண்டியில்லைத் தம்பி. இதுதான் உன்ரை வண்டி. இவ்வளவு நாளும் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தது” என்றார் முதியவர்.

புதிய வலுவைத் தேடுமுன், நாம் இழந்திருக்கும் வலுவைத் தேடுவோமாக. அதற்குமேலும் வேண்டுமாயின், கணக்கறிந்தவரிடம் சென்று, இயந்திரம் முழுவதையும் இசைவித்து, ஓடவேண்டிய களத்தில் ஓடுவோமாக. மண்ணெண்ணெயில் மோட்டாரை ஓட்டிக் காட்டிய மக்களின் பிள்ளைகள், வெறும் ஓசையை வலுவென்று மயங்கலாகாது.